பேனா, மாம்பழம், பஸ்ஸு

மொதல்லயே ஒண்ண ஒத்துக்கறேன். என் பொண்டாட்டிக்கு மூளை டாக்டர் வெச்ச ஞாபக சக்தி பரீட்சையில பிட்டு அடிக்கக் கத்துக் குடுத்தது நான்தான். அது பாஸாயிடுச்சு. நானும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பால்கோவா வாங்கித் துன்னேன். அந்த ருசி இன்னும் நாக்குலயே கீது. எப்டி துப்பறதுன்னுதான் தெரியல.

இத நீங்க படிக்கிறீங்கன்னா உங்க ஊட்லயும் யாருக்கோ இது மாதிரி ஆயிக்கீதுன்னு அர்த்தம். அதனால பெரிய மனுஷன் மாதிரி பேசமாட்டேன். நான் டாக்டர் இல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு கம்பி கம்பெனில, லேப்ல வேலை. கட்டடத்துக்குப் போடற முறுக்குக் கம்பிய மெஷின்ல மாட்டி, ரெண்டு பக்கமும் இழுத்து, எவ்ளோ லோடுல முறியுதுன்னு பாத்து எழுதறவன். இருவது வருஷமா முறிக்கிறதுதான் பொழப்பு.

என் பொண்டாட்டி வசந்தா, என் அத்த பொண்ணுதான். கவரப்பேட்டை பக்கத்துல ஒரு கிராமத்துல பால்வாடி டீச்சர். நாப்பது கொழந்தைங்க பேரு, அதுங்க அம்மா பேரு, எது முட்டைல வெள்ளைய மட்டும் துன்னும், எது மஞ்சக் கருவ சட்டைப் பையில ஒளிச்சு வெக்கும், எல்லாம் அதுக்கு மனப்பாடம். நான் என் பைக் சாவிய தெனம் தேடுவேன். அது இருந்த எடத்துலேர்ந்தே சொல்லும், "ஃபிரிட்ஜ் மேல பாரு மாமா."

2007 கடைசில ஒரு காலைல எனக்கு டீ ஊத்திக்கினு இருந்துச்சு. திடீர்னு வலது கன்னம் ஒரு இழு இழுத்துச்சு, வலது கை மேல எகிறிச்சு. ஒரு செகண்டுதான். டீ பூரா என் யூனிஃபார்ம் மேல.

"இன்னாடி, டான்ஸா?"

"தெரியல மாமா. யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி கீது."

ரெண்டு பேரும் சிரிச்சோம். அடுத்த நாள் நாலு தபா. அடுத்த வாரம் எண்ண முடியல.

இங்கதான் என் ரெண்டாவது மானக்கேட்ட சொல்லணும். கம்பெனில நான் தமாஷ் பார்ட்டி. மேனேஜர் மாதிரி நடப்பேன், கிரேன் ஆபரேட்டர் மாதிரி தும்முவேன். வசந்தாவோட அந்த இழுப்பையும் நடிச்சுக் காட்டினேன். கன்னம் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், கையில டீ கிளாசோட. லேப்ல காட்டினேன், கேட்டுல காட்டினேன், கேன்டீன்ல காட்டினேன். "அண்ணே, அண்ணி டீ ஊத்தறத ஒரு தபா பண்ணுண்ணே"ன்னு கேக்கற அளவுக்கு அது ஹிட்டு.

ஒரு மாசத்துல சிரிப்பு நின்னுடுச்சு. அது தூங்கல. டிவில நியூஸ் வாசிக்கிற பொண்ணு தன்னையே மொறைக்குதுன்னு டிவி மேல துண்டு போட்டு மூடிச்சு. பாலிடெக்னிக் படிக்கிற எங்க பொண்ணு பிரியாவப் பாத்து, "நீ யாரு ஊட்டு பொண்ணும்மா, சாப்ட்டியா?"ன்னு கேட்டுச்சு. பிரியா பேக்கக் கூட கழட்டாம அப்டியே தரையில உக்காந்துட்டா.

ஒரு டாக்டர் டென்ஷன்னு சொல்லி சத்து மாத்திரை குடுத்தாரு. ஒருத்தர் மனநல டாக்டராண்ட போகச் சொன்னாரு. சொந்தக்காரங்க வேப்பிலை அடிச்சாங்க. திருப்பாச்சூர் கோயில்ல போய் அர்ச்சனையும் பண்ணோம். யார் மேலயும் கோவம் இல்ல. அத வெச்சு ஜோக்கு பண்ணவன் யார் மேல கோவப்படறது?

அப்புறம் ஒரு நாள், வேணாம்னு சொல்லியும் கேக்காம வேலைக்குப் போய், பால்வாடிலயே வலிப்பு வந்து உழுந்துடுச்சு. கொழந்தைங்க எல்லாம் கை கட்டிக்கினு சுத்தி உக்காந்து பாத்துதுங்களாம். டீச்சர் எதோ வெளையாட்டு காட்றாங்கன்னு ஒண்ணு கையும் தட்டிச்சாம்.

சென்னைல பெரிய ஆஸ்பத்திரில சேத்தோம். முதுகுத் தண்டுல ஊசி போட்டு தண்ணி எடுத்தாங்க (மூளையயும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கற நீரு அது). தலைய ஸ்கேன் எடுத்தாங்க. நரம்பு டாக்டர் ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், ஒல்லியா, சிரிக்காதவங்க. "அந்த இழுப்பு எப்படி வரும்? சொல்லுங்க"ன்னாங்க.

எழுந்து நின்னு செஞ்சு காட்டினேன். கன்னம், தோள், கை. டீ கிளாஸ் மட்டும்தான் இல்ல.

டாக்டரம்மா ரெண்டு தபா பாத்தாங்க. "இவ்வளவு தெளிவா யாருமே காட்டினதில்ல. ரொம்ப உதவியா இருக்கு"ன்னாங்க. நான் வாங்கின பாராட்டுலயே பேஜாரான பாராட்டு அதுதான்.

நோய்க்குப் பேரு ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தி, சொந்த மூளையவே எதிரின்னு நெனச்சு அடிச்சு வீங்க வெக்கிறது). டாக்டரம்மா சொன்னது எனக்கு இப்டித்தான் புரிஞ்சுது: எங்க கேட் செக்யூரிட்டி ஒரு நாள் மொதலாளி காரையே உள்ள உடாம நிறுத்தி, டிரைவர அடிச்சுட்டான். அவன் கெட்டவன் இல்ல. டூட்டி ஜாஸ்தியா பாத்துட்டான்.

ஸ்டீராய்டு (வீக்கத்த அடக்கற மருந்து) டிரிப்புல ஏத்தினாங்க. பத்து நாள்ல இழுப்பு நின்னுச்சு. வலிப்பு நின்னுச்சு. பிரியாவ, "ஏண்டி தலைக்கு எண்ண கூட வெக்காம கீற?"ன்னு கேட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் வார்டு வராண்டாவுல போய் நின்னு அழுதோம்.

ஊட்டுக்கு வந்தப்புறம்தான் மிச்சம் தெரிஞ்சுது. செக்யூரிட்டி அடிச்ச எடம் மூளைல ஞாபகத்த பத்திரப்படுத்தற எடம். பழசெல்லாம் கீது. கல்யாணத்துல எங்க மாமன் பூரிக்கு சண்ட போட்டது வரைக்கும் கீது. புதுசு தங்கல. பத்து நிமிஷம், மிஞ்சினா கால் மணி நேரம். நடையும் கொஞ்சம் தள்ளாட்டம்.

மாசத்துக்கு ரெண்டு தபா ரயில்ல சென்னைக்கு செக்கப் போவோம். அத்திப்பட்டு தாண்டும்போது அனல் மின் நிலையத்து சிம்னிங்க தெரியும். ஒவ்வொரு தபாவும் கேக்கும், "மாமா, அது இன்னா பொகை?"

மொத தபா நேரா சொன்னேன். ரெண்டாவது தபா, "டாக்டரம்மா நமக்கு நாஷ்டா பண்றாங்க"ன்னேன். அப்டி ஒரு சிரிப்பு சிரிச்சுது. கூட வர்ற மீன்காரம்மாங்க கூட சிரிச்சாங்க. அடுத்த தபா அதே கேள்வி, நானும் அதே பதில், அதே சிரிப்பு. ஒரே ஜோக்குக்கு ஒவ்வொரு தபாவும் புதுசா சிரிக்கிற ஆளு, தமாஷ்காரனுக்கு வேற இன்னா வேணும்? அது கேக்கறதுக்காக மீஞ்சூர்லேர்ந்தே காத்துக்கினு இருந்தேன். இத எழுதும்போது கை கூசுது.

அந்த ரயில்லதான் ஒருத்தர் உட்டுட்டுப் போன பேப்பர்ல விளம்பரம் பாத்தேன். ஸ்டெம் செல் சிகிச்சை (எந்த உறுப்போட செல்லாவும் மாறக்கூடிய விதை மாதிரியான உயிரணுவ உடம்புல ஏத்தறது). பக்கவாதம், நரம்பு பாதிப்பு, மூளை பாதிப்புன்னு பெரிய லிஸ்ட்டு. நடக்க முடியாதவன் நடக்கற போட்டோ.

டாக்டரம்மாவாண்ட காட்டினேன். படிச்சுட்டு மடிச்சுக் குடுத்தாங்க.

"நான் செய்யச் சொல்ல மாட்டேன். இந்த நோய்க்கு இது உதவும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல."

"உதவாதுன்னு நிரூபிச்சுக்கீறாங்களா டாக்டர்?"

"கம்பி விக்கும்போது இப்படித்தான் விப்பீங்களா? முறியும்னு யாரும் நிரூபிக்கலன்னு?"

கோவம் வந்துச்சு. அவங்க சொன்னது சரிங்கறதாலதான் அவ்ளோ கோவம்.

போனோம். வேற மாநிலத்துல, ஏசி போட்ட ஒரு தனியார் சென்டரு. இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜைய (எலும்புக்குள்ள ரத்தம் ஊறற கொழகொழப்பு) எடுத்தாங்க. அதுலேர்ந்து செல்ல மட்டும் பிரிச்சு, முதுகுத் தண்டு நீர்ல திரும்ப ஏத்தினாங்க. வசந்தாவுக்கு ஏன் இடுப்பு வலிக்குதுன்னு ஞாபகம் இல்ல. கால் மணிக்கு ஒருக்கா கேக்கும், "மாமா, நான் எங்கனா உழுந்துட்டனா?" நான் ஒவ்வொரு தபாவும் மொதல்லேர்ந்து சொல்லுவேன். ஒவ்வொரு தபாவும் பயந்து, அப்புறம் தைரியமாயி, "நல்லாயிடுமா?"ன்னு கேக்கும். அந்த ஊசிக்கு அது ஒரு நாள்ல முப்பது தபா சம்மதிச்சுது.

மூணு மாசம் கழிச்சு உங்க நரம்பு டாக்டராண்ட ஞாபக டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் அனுப்புங்கன்னு சொன்னாங்க. முன்னாடி எடுத்ததுல முப்பதுக்கு பதினாலு.

மூணு மாசம் ஆச்சு. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. டாக்டரம்மா மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு.

இந்த எடத்துல எங்க தொழில் ரகசியம் ஒண்ண சொல்லணும். வாங்கற கம்பெனிலேர்ந்து இன்ஸ்பெக்டர் வந்தா, அவர் முன்னாடி கம்பிய முறிச்சுக் காட்டணும். அதுக்குன்னே நல்லா வந்த கம்பில நாலு துண்டு வெட்டி பீரோவுல வெச்சிருப்போம். அதுக்கு நாங்க வெச்ச பேரு மாப்ள கம்பி. பொண்ணு பாக்கப் போவும்போது மாப்ள எடுத்துப் போடற நல்ல சட்டை மாதிரி. அன்னிக்கு ஓடற கம்பி எப்டி இருந்தாலும் இன்ஸ்பெக்டர் பாக்கறது மாப்ளயத்தான். தப்புதான். ஆனா இருவது வருஷத்துல அது தப்புன்னே தோணாத அளவுக்குக் கை பழகிடுச்சு. யார்னா டெஸ்ட் பண்ண வராங்கன்னா, கை தன்னால பீரோவுக்குப் போவும்.

டாக்டரம்மா ஒவ்வொரு தபாவும் ஒரே ஜெராக்ஸ் பேப்பர்லேர்ந்துதான் கேப்பாங்க. இன்னா வருஷம், இன்னா மாசம், எந்த மாடி. அப்புறம் மூணு வார்த்தை சொல்லுவாங்க: பேனா, மாம்பழம், பஸ்ஸு. அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப சொல்லணும். பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து எனக்கே மனப்பாடம்.

வசந்தாவ ஹால்ல உக்கார வெச்சு ஆரம்பிச்சேன். அது என்ன ஒரு மாதிரி பாத்துச்சு.

"சூப்பர்வைசர் வராங்களா மாமா?"

பால்வாடிக்கு மேலதிகாரி வர்றதுக்கு மொத நாள் அது கொழந்தைங்களுக்கு இதே மாதிரிதான் சொல்லிக் குடுக்கும். இன்னிக்கு இன்னா சாப்ட்டீங்க, முட்டை டீச்சர். கை கழுவினீங்களா, சோப்பு போட்டு டீச்சர்.

"ஆமா"ன்னேன்.

சம்மணம் போட்டு, கை ரெண்டையும் கட்டிக்கினு, கொழந்தைங்க மாதிரியே நிமிர்ந்து உக்காந்துச்சு. காலைல நூறு தபா, சாயந்திரம் நூறு தபா. பாட்டு மாதிரி ராகம் போட்டு. பத்து நாள்ல ஒட்டிக்கிச்சு. எப்டி ஒட்டிச்சுன்னு கேட்டா தெரியாது. இன்னான்னு கேட்டா வாய் தானா சொல்லும்.

பிரியா சமையல் ரூம் வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தா. "அப்பா, அம்மா இன்னா உன் கம்பியா?"ன்னு கேட்டா. "போய் படி"ன்னேன்.

முப்பதுக்கு இருவத்தஞ்சு. டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "நான் நெனச்சது தப்பா இருக்கலாம். சந்தோஷம்"ன்னாங்க. நிஜமாவே சிரிச்சாங்க. ஊட்டுக்கு வந்தப்புறமும் துன்னுக்கினு இருந்த ஸ்டீராய்டு மாத்திரையால வசந்தாவுக்கு மூஞ்சி ஊதி, சக்கரை ஏறியிருந்துச்சு. "இவ்வளவு தேறியிருக்காங்க, மாத்திரைய கொறைக்க ஆரம்பிக்கலாம்"ன்னு எழுதினாங்க.

அன்னிக்குத்தான் பால்கோவா.

ரிப்போர்ட் போனதும் சென்டர்லேர்ந்து போன் வந்துச்சு. மத்த பேஷன்ட் குடும்பம் பேசணும்னா உங்க நம்பர குடுக்கலாமான்னு கேட்டாங்க. குடுங்கன்னேன். பெருமையா இருந்துச்சு.

ஒன்றரை மாசத்துல ஆர்.கே.பேட்டைலேர்ந்து ஒருத்தர் ஊட்டுக்கே வந்துட்டாரு. முனிரத்தினம்னு பேரு, வேர்க்கடலை வெவசாயம். ஒரு சாக்குப் பை நெறைய கடலை கொண்டாந்தாரு. காலேஜ் முடிச்ச பொண்ணுக்கு இதே நோய். வீக்கம் அடங்கியும் ஞாபகம் வரலியாம். அடுத்த வாரம் அந்த சென்டருக்குக் கூட்டிக்கினு போறாராம்.

"உங்க ஊட்டம்மாவ ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா எனக்கு தெம்பா இருக்கும் நைனா"ன்னாரு. என்னவிட பெரியவரு, என்ன நைனான்னு கூப்புடறாரு.

வசந்தா வந்து உக்காந்துச்சு. அவரு கும்புட்டாரு. ரொம்ப மரியாதையா, சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு.

"இன்னாமா, காலைல நாஷ்டா இன்னா?"

அத நான் சொல்லிக் குடுக்கல.

வசந்தா என் மூஞ்சியப் பாத்துச்சு. அவரப் பாத்துச்சு. அப்புறம் கை ரெண்டையும் கட்டிக்கிச்சு. நிமிர்ந்து உக்காந்துச்சு. ராகம் போட்டு சொல்லிச்சு:

"பேனா. மாம்பழம். பஸ்ஸு."

சமையல் ரூம்ல பிரியா பாத்திரம் வெக்கற சத்தம் நின்னுடுச்சு. நான் சிரிச்சேன். "அது அப்டித்தான் சார், எங்க ஊட்ல எல்லாரும் தமாஷ் பார்ட்டிங்க"ன்னேன். வசந்தாவும் நான் சிரிக்கிறதப் பாத்து சிரிச்சுது. பாஸாயிட்டோம்னு நெனச்சுது போல.

அவரு சிரிக்கல. "நைனா, அம்மாவுக்கு கன்னம் இழுக்குது பாரு"ன்னாரு.

வலது கன்னம். அப்புறம் கை.

அன்னிக்கு சாயந்திரமே திரும்ப அதே வார்டு, அதே டிரிப்பு. வராண்டாவுல நின்ன டாக்டரம்மாவாண்ட போனேன். "டாக்டர், அந்த இருவத்தஞ்சு பொய்"ன்னு சொன்னேன். மாப்ள கம்பிலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன்.

டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டினாங்க. அப்புறம், "அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே சார் நான் மாத்திரை எழுத முடியும்?"ன்னாங்க. கத்தியிருந்தா தேவலாம்.

"கொறைக்காம இருந்திருந்தா திரும்ப வந்திருக்காதா?"

"வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அடுத்த நாள் காலைல முனிரத்தினத்துக்குப் போன் பண்ணேன். எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி கத்தற சத்தம் கேட்டுச்சு. "அப்போ அந்த ஊசி வேலை செய்யலியா?"ன்னு கேட்டாரு. "தெரியாது சார். தெரிஞ்சுக்கறதுக்கு இருந்த ஒரே டெஸ்ட்ட நான் கெடுத்துட்டேன்"ன்னேன். "செரி"ன்னு வெச்சுட்டாரு. பொண்ண கூட்டிக்கினு போனாரா, உட்டாரா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கடலைய நாங்க துன்னல. தூக்கிப் போடவும் மனசு வரல. சாக்குப் பை அப்டியே பரண் மேல கீது.

நீங்களும் அதையேதான் கேப்பீங்க, வேலை செஞ்சுதான்னு. என் பதிலும் அதேதான். வேணாம்னு சொல்ற தகுதியும் எனக்கு இல்ல, போங்கன்னு சொல்ற தகுதியும் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க ஆளு டாக்டர் முன்னால தடுமாறும்போது பக்கத்துலேர்ந்து எடுத்துக் குடுக்கணும்னு வாய் துடிக்கும். வாயப் பொத்திக்கோங்க.

இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. வீக்கம் அடங்கி, திரும்ப வரல. கம்பெனில டெஸ்ட் ரூம்லேர்ந்து மாத்தல் கேட்டு வாங்கிக்கினேன், இப்ப ஸ்டோர்ல கீறேன். காலைல ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டு என் கன்னம் லேசா துடிச்சா, கை அப்டியே நின்னுடுது. கண்ணாடில இருக்கறவன் என்னயே நடிச்சுக் காட்ற மாதிரி இருக்கும். நேரமும் முன்ன மாதிரி ஓடல. ஷிப்ட் கணக்கு போய், எல்லாமே கால் மணி கால் மணியா தெரியுது. ஒவ்வொரு கால் மணிக்கும் புதுசா ஒரு வசந்தா. அதுக்கு நான் எப்பவும் புதுசா குத்தவாளி.

ஊட்ல கேள்வி கேக்கக் கூடாதுன்னு பிரியா சட்டம் போட்டுக்கீறா. இன்னிக்கு இன்னா கெழமை, மத்தியானம் இன்னா சாப்ட்ட, எதுவும் கேக்கக் கூடாது. நானும் கேக்கறதில்ல. அத்திப்பட்டு தாண்டும்போது பொகைய பத்தி அது கேட்டா, கரண்டு எடுக்கறாங்கன்னு நேரா சொல்றேன். "ஓ"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கும்.

ஆனா ஒண்ணு மட்டும் தெனமும் சொல்லுவேன். வேலை உட்டு வந்து, மூஞ்சி கழுவி, அதும் முன்னால உக்காந்து, பரீட்சைக்கு நான் சொல்லிக் குடுத்தத, மாத்திரைய கொறச்சத, கேன்டீன்ல அத மாதிரி நடிச்சுக் காட்டினத, எல்லாத்தையும் சொல்லுவேன். ஒரு நாள் உழுந்து உழுந்து சிரிச்சுது. ஒரு நாள் முதுகுல ஓங்கி ஒண்ணு உட்டுச்சு. ஒரு நாள் சொவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. நெறைய நாளு, "போனா போவுது வுடு மாமா"ன்னு தலையத் தடவிக் குடுத்துச்சு. கால் மணில எல்லாம் போயிடும். மறுநாள் நான் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.

போன வாரம் சாயந்திரம், மொறத்துல மொச்சை வெச்சு உரிச்சுக்கினு இருந்துச்சு. எதிர்ல போய் உக்காந்தேன்.

"வசந்தா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

நிமிரவே இல்ல. ஒரு மொச்சைய நசுக்கி, தோல தனியா போட்டுச்சு.

"இன்னாய்யா நீ, தெனமும் வந்து இந்தப் பரீட்சைக் கதையவே சொல்லிக்கினு கீற. சொன்னது உனக்கு ஞாபகமே இருக்காதா?"